பழைய மடக்கு பெஞ்ச்: பழுது பார்ப்பதும் மேம்படுத்துவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊரில் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய. டேப் ரிக்கார்டர், மிக்ஸி, கம்பளியோடு சிலர் மடக்கு வேலை பெஞ்சும் கொண்டுவந்தார்கள். என் மாமா கொண்டுவந்தது பல வருடம் பரணில் கிடந்தது. லேபிள் உரிந்து, எந்தக் கம்பெனி என்றே தெரியாத நிலையில் அதை இறக்கிச் சரி செய்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தினரும் தங்களுடையதைத் தூக்கி வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. அண்ணே, இது மடக்கு மேசைதானே? நடுவுல எதுக்கு இப்படி ஒரு பிளவு?

இதை மேசையாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். உண்மையில் இது கால் முளைத்த வைஸ், அதாவது பொருளை இறுக்கிக் கவ்விப் பிடிக்கும் கருவி. மேலே இருக்கும் இரண்டு பலகைகளும் அதன் தாடைகள். ஒன்று அசையாமல் இருக்கும், மற்றது இரண்டு கைப்பிடிகளைச் சுற்றினால் முன்னும் பின்னும் நகரும். அந்தப் பிளவில்தான் மரத்தையோ குழாயையோ கவ்விப் பிடிக்க வேண்டும்.

இந்த வடிவத்தை உருவாக்கியவர் ரான் ஹிக்மன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் லோட்டஸ் கார் நிறுவனத்தில் எலான் காரை வடிவமைத்தவர். 1961-இல் வீட்டில் அலமாரி செய்யும்போது நாற்காலி மேல் பலகையை வைத்து அறுக்க, நாற்காலியும் சேர்ந்து அறுபட்டுவிட்டது. அதிலிருந்து பிறந்த யோசனை இது. பெரிய கருவி நிறுவனங்கள் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், 1968 முதல் அவரே தயாரித்து விற்றார். 1970களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் இதை ஏற்றுக்கொண்டு ‘வொர்க்மேட்’ என்ற பெயரில் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே அமைப்பில் பிறகு எத்தனையோ பெயர்களில் பெஞ்சுகள் வந்தன. இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2. எங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடக்கு. சரி பண்ணலாமா, எடைக்குப் போட்டுடலாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பலகை எவ்வளவு மட்கியிருந்தாலும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு திருகுத் தண்டுகளை. மரை (தண்டில் சுற்றிச் சுற்றி ஓடும் பல்) முழுசாக இருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். துரு பரவாயில்லை. மரையின் முகடுகள் கத்தி மாதிரி கூர்மையாகத் தேய்ந்திருந்தால்தான் கவலை.

அடுத்து சட்டம். பெஞ்சை விரித்துத் தரையில் வைத்து, இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் சரி செய்யலாம் (6-வது பதில்). கால் குழாயே மடங்கியிருந்தாலோ, துரு தின்று ஓட்டை விழுந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். தண்டும் சட்டமும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நம் கையில் இருக்கிறது.

3. கைப்பிடி சுத்தவே மாட்டேங்குது. சுத்தியலால ரெண்டு தட்டு தட்டலாமா?

வேண்டாம். கைப்பிடி பெரும்பாலும் வார்ப்போ பிளாஸ்டிக்கோதான், உடைந்துவிடும். அதைத் தண்டோடு சேர்க்கும் சின்ன பின்னும் அறுந்து போகும்.

பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். தண்டு மரைக்குள் நுழையும் இடத்தில் துரு நீக்கும் ஸ்பிரே அடியுங்கள், இல்லாவிட்டால் டீசல் விட்டாலும் போதும். ஒரு இரவு ஊறட்டும். காலையில் கைப்பிடியைக் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அசையுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி அசைத்துப் பிறகு தளர்த்துவது பல நேரம் பலிக்கும், ஒட்டிய துரு அப்போதுதான் விடுபடும். அசைய ஆரம்பித்ததும் ஒரேயடியாகச் சுற்றாமல் மறுபடி எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவாருங்கள்.

மாமாவின் பெஞ்சுக்கு மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாளே அவசரப்பட்டு ஒரு பக்கத்துக் கைப்பிடியை உடைத்துக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

4. கைப்பிடி நல்லா சுத்துது, ஆனா பலகை இருந்த இடத்துலயே இருக்கு. என்ன கோளாறு?

இரண்டில் ஒன்று. கைப்பிடி மட்டும் சுற்றி, தண்டு சுற்றாமல் இருந்தால் நடுவில் இருக்கும் பின் அறுந்திருக்கிறது. அதே கனத்தில் ஒரு ஸ்பிரிங் பின் வாங்கித் தட்டி ஏற்றினால் முடிந்தது.

தண்டும் சேர்ந்து சுற்றினால், உள்ளே இருக்கும் நட்டு மரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இது சாதாரண ஆறுமுக நட்டு இல்லை. உருளையாக, தன் இடத்தில் லேசாகத் திரும்பும்படி இருக்கும். அப்படித் திரும்புவதால்தான் பலகையைச் சாய்வாக வைத்தும் இறுக்க முடிகிறது. மலிவான பெஞ்சுகளில் இது பிளாஸ்டிக்கிலேயே வருவதுண்டு. பழைய நட்டையும் தண்டையும் சேர்த்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். பித்தளையில் கடைந்து, அதே மரை வெட்டித் தருவார்கள். நட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், தேய்ந்த மரையை வைத்து அவர்களால் அளவு எடுக்க முடியாது.

தண்டும் போய்விட்டதென்றால் 12 அல்லது 16 மி.மீ. மரைக் கம்பி வாங்கி இரண்டு பக்கமும் மாற்றலாம். வேலை செய்யும், ஆனால் பொறுமை வேண்டும். 12 மி.மீ. கம்பி ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ.தான் நகரும், 16 மி.மீ. கம்பி 2 மி.மீ. பழைய தண்டின் அகல மரை அதைவிட வேகமாக ஓடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்து, பலகை எப்போதும் கோணலாகவே நிற்கும்.

5. தண்டுக்கு கிரீஸா, எண்ணெயா?

நீங்கள் மரவேலை செய்பவர் என்றால் இரண்டும் வேண்டாம். மரத்தூள் கிரீஸில் ஒட்டிக் களிம்பாகி, அதுவே அடுத்த அடைப்பாகிவிடும். தண்டைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துடைத்து, மெழுகுவர்த்தியை மரை மேல் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் மட்டும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு அதற்கு மேல் மெழுகு தேய்க்கலாம். உப்புக் காற்றுக்கு மெழுகு மட்டும் போதவில்லை.

6. விரிச்சு வச்சா கால் கிடுகிடுன்னு ஆடுது. எல்லா போல்ட்டையும் இறுக்கிட்டேன், அப்பவும் ஆடுது.

ஆட்டம் போல்ட்டில் இல்லை, ரிவெட்டில் இருக்கிறது. கால்கள் மடங்கும் மூட்டுகளைக் கம்பெனியில் ரிவெட் அடித்துத்தான் சேர்ப்பார்கள். வருடக்கணக்கில் மடக்கி விரிப்பதில் ரிவெட்டும் தேயும், அது நிற்கும் ஓட்டையும் முட்டை வடிவமாகும். ஒரு மூட்டில் அரை மி.மீ. ஆட்டம் என்றாலும், எல்லா மூட்டும் சேரும்போது மேலே பலகை விரற்கடை தூரம் ஆடும்.

ரிவெட்டின் தலையில் நடுப்புள்ளி குத்தி, சின்ன டிரில் பிட்டில் தொடங்கிப் பெரிதாக்கி, தலையை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தட்டித் தள்ளுங்கள். ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் அடுத்த அளவுக்கு வட்டமாகப் பெரிதாக்குங்கள். அதில் போல்ட் போட்டு நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகத் தளராத நட்டு) பூட்டுங்கள். இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. தலை முதல் நுனி வரை மரை வெட்டிய போல்ட்டை வாங்காதீர்கள். ஓட்டைக்குள் வரும் பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும், மரை நட்டுப் பக்கம் மட்டும் போதும். இல்லாவிட்டால் மரையே அரமாகி ஓட்டையை மறுபடி அராவிவிடும்.

தகடுகளுக்கு நடுவே ஒரு நைலான் வாஷர், வெளியே இரும்பு வாஷர். நட்டை ஆட்டம் நிற்கும் வரை இறுக்கி, பிறகு மடங்கும் அளவுக்குத் துளி தளர்த்துங்கள். நைலாக் என்பதால் அந்த இடத்திலேயே நிற்கும். ஒரு மூட்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எந்தத் தகடு எதற்கு மேல் என்பது மறந்துவிடும்.

7. கடைக்காரர் சரியான சைஸ்னுதான் போல்ட் குடுத்தார். ரெண்டு சுத்து உள்ள போயி அப்படியே இறுகிடுச்சே?

அங்கேயே நிறுத்துங்கள், மேலும் திருகாதீர்கள். உங்கள் பெஞ்ச் அங்குல மரை, கையில் இருப்பது மி.மீ. மரை, அல்லது நேர்மாறாக. 8 மி.மீ. போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., வித்தியாசம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆனால் மரை இடைவெளி 8 மி.மீ. போல்ட்டில் 1.25 மி.மீ., 5/16-இல் 1.41 மி.மீ. அந்த வித்தியாசம் இரண்டு மூன்று சுற்றில் சேர்ந்து முட்டிக்கொள்ளும்.

பழைய பிரிட்டிஷ், அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல மரை சகஜம். பழைய போல்ட் ஒன்றையாவது மாதிரிக்குக் கடைக்கு எடுத்துப் போய், அங்கேயே இரண்டு மரைகளையும் ஒன்றோடொன்று படுக்க வைத்துப் பாருங்கள். பல்லோடு பல் பொருந்தி வெளிச்சம் தெரியாமல் இருந்தால் அதுதான் சரியான போல்ட்.

8. மழையில நனைஞ்சு பலகை ரெண்டும் அப்பளம் மாதிரி உப்பிடுச்சு. இழைச்சு சரி பண்ணிடலாமா?

உப்பியது துகள் பலகை அல்லது எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் இழைத்துப் பயனில்லை. ஒட்டியிருந்த பசையே விட்டுப்போயிருக்கும், கவ்வி இறுக்கினால் விளிம்பு உதிரும். மாற்றிவிடுங்கள். நான் போடுவது 25 மி.மீ. மரைன் ப்ளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. கிடைக்காவிட்டால் 19 மி.மீ. போதும். தண்டு பலகைக்கு அடியில் தனியாக ஓடுவதால் பலகையின் கனம் மாறினாலும் அதற்குப் பாதிப்பில்லை. போல்ட்டின் நீளம்தான் மாற வேண்டும். ப்ளைவுட்டின் மேல் இழை நீளவாக்கில் ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள். குறுக்காக ஓடினால் பலகை நடுவில் வளையும்.

பழைய பலகையைக் கழற்றுவதற்கு முன் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நாலு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு அதையே அச்சாக வைத்துப் புதியதில் கோடு போடுங்கள். உப்பிய பலகை சில மி.மீ. வளர்ந்திருக்கும் என்பதால் போல்ட் ஓட்டைகளின் இடத்தை மட்டும் இரும்புச் சட்டத்தை வைத்துக் குறியுங்கள். முளை ஓட்டைகளை (பொருளைத் தடுத்துப் பிடிக்கும் முளைகளைச் செருக மேலே இருக்கும் ஓட்டைகள்) துளையிடும்போது அடியில் ஒரு கழிவுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் கீழ்ப்பக்கம் சிதறாமல் வரும். போல்ட் தலைகள் மேலே துருத்தக் கூடாது. தலைக்குக் குழி எடுத்து 2 மி.மீ.யாவது கீழே இறக்குங்கள். என்றாவது ஒரு நாள் இழைப்புளியோ ரம்பமோ அங்கே போகத்தான் போகிறது.

இரண்டு தாடைகளும் சந்திக்கும் விளிம்புகளை 2 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பூட்டிய பிறகு மூடிப் பார்த்து, இடிக்கும் இடத்தைக் குறித்து இழைத்து இறக்குங்கள். நடுவில் ஒரு தாளை வைத்து மூடினால், எந்த இடத்தில் இழுத்தாலும் தாள் வரக் கூடாது. இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போனாலும் போகட்டும். தாடை நேராக மூடாத பெஞ்சுக்கு வேறு எதைச் செய்தாலும் வீண்.

கடைசியில் ஆளி விதை எண்ணெய் இரண்டு கை. கவ்வும் விளிம்பில் வார்னிஷ் அடிக்காதீர்கள், வழுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காய்கிறபோது சூடேறித் தானே தீப்பிடிக்கும் எண்ணெய் அது. விரித்து வெளியில் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

9. தேக்குலயே போட்டுட்டா ஆயுசுக்கும் நிக்குமே சார்?

நிற்கும். ஆனால் அகலமான ஒற்றைப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கும், கிண்ணம் மாதிரி வளையும். ப்ளைவுட் அந்த விஷயத்தில் அசையாது. தேக்கோ வாகையோ கையில் இருந்தால் இரண்டு விரல் அகலத்தில் சட்டம் இழைத்து, ப்ளைவுட்டின் கவ்வும் விளிம்பில் பசை போட்டு ஒட்டுங்கள். அடிபடும் இடம் அதுதான், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

10. ஓட்டையில செருகுற பிளாஸ்டிக் முளைல ரெண்டு காணோம். கடைல கேட்டா முழிக்கிறாங்க.

செய்துகொள்ளலாம். ஓட்டையின் விட்டத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள், பெரும்பாலும் 20 மி.மீ. அளவில் இருக்கும். அந்தக் கனத்தில் உருட்டுக்கட்டை ஒன்றை எடுத்து, மேலே கட்டை விரல் உயரத்துக்கு ஒரு சதுரக் கட்டையை ஒற்றைத் திருகால் பூட்டுங்கள். சதுரம் திரும்பினால்தான் சாய்வான பொருளோடு ஒட்டி நிற்கும், அதனால் பசை போடாதீர்கள். சதுரத்தின் ஒரு பக்கத்தில் ‘வி’ வடிவக் காடி வெட்டினால் குழாயைப் பிடிக்கும். இரும்பில் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், உளி நுனி அதில் ஒரு தடவை பட்டால் போதும்.

11. சட்டம் முழுக்கத் துரு. பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

துருவின் மேல் அடித்தால் நிற்காது. உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. கழற்றக்கூடிய சின்னப் பாகங்களை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஒரு இரவு போட்டு வைத்தால் துரு கழன்று வரும். எடுத்ததும் நன்றாகக் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் மதியத்துக்குள் மறுபடி சிவக்கும். துத்தநாகப் பூச்சுள்ள பளபளப்பான பாகங்களை அதில் போடாதீர்கள், பூச்சையும் தின்றுவிடும். மூட்டுகளுக்குள் பெயிண்ட் இறங்கினால் மடங்காது.

12. வேலை பாக்குற இடம் ரொம்பச் சின்னதா இருக்கு. பெரிய பலகையா மாத்திடலாமா?

தாடையைப் பெரிதாக்காதீர்கள், மடக்கும்போது இடிக்கும். அதற்குப் பதிலாகக் கழற்றிப் போடும் மேற்பலகை ஒன்று செய்யுங்கள். நான் செய்த மேம்பாடுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

3 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. ப்ளைவுட் எடுங்கள். அடியில் நடுவாக, நீளவாக்கில் 2 அங்குலச் சதுரச் சட்டம் ஒன்றைப் பசையும் திருகும் போட்டுப் பூட்டுங்கள். அந்தச் சட்டத்தைத் தாடைக்குள் இறக்கி இறுக்கினால் பலகை அசையாமல் உட்கார்ந்துவிடும். மேலே போல்ட் இல்லை, கிளாம்ப் இல்லை. வேலை முடிந்ததும் தளர்த்திச் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம். சட்டம் நேராக இழைத்ததாக இருக்கட்டும், முறுக்கு இருந்தால் மேற்பலகையும் முறுக்கும்.

ஒன்று செய்த பிறகு விடமாட்டீர்கள். என்னிடம் இப்போது மூன்று இருக்கின்றன: தட்டையான ஒன்று, ஓரத்தில் தடுப்புக் கட்டை வைத்து அறுப்பதற்கு ஒன்று, சின்ன இரும்பு வைஸைப் பூட்டி வைத்தது ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா தையல் மிஷினை வைக்க நாலாவது ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேற்பலகையின் ஓரத்தில் மட்டும் கனமான எதையும் ஏற்றாதீர்கள். கால்களுக்கு வெளியே பாரம் போனால் பெஞ்ச் கவிழும்.

13. இழைப்புளி போட்டா பெஞ்சே என்னோட சேர்ந்து நடக்குதே?

எடை குறைவான பெஞ்ச் அப்படித்தான் செய்யும். கீழே இருக்கும் படி மாதிரியான தகட்டில் ஒரு காலை வைத்து அழுத்துங்கள். அது அதற்காகவே இருப்பது, பலர் கவனிப்பதே இல்லை. தாடையின் நீளவாக்கில் இழையுங்கள். குறுக்கே தள்ளினால் சாயும். தேய்ந்த கால் குமிழ்களுக்குப் பதிலாக ஊன்றுகோல் ரப்பர் போடலாம், மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதற்கும் நிற்காவிட்டால் இழைப்புளியைத் தள்ளும் திசையில் இருக்கும் பெஞ்சின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். ஆட்டமும் சேர்ந்திருந்தால் முதலில் 6-வது பதிலைப் பாருங்கள்.

14. குனிஞ்சே வேலை பாத்து முதுகு போச்சு. கால்களுக்கு அடியில செங்கல் வைக்கலாமா?

செங்கல் வேண்டவே வேண்டாம், ஒன்று நழுவினால் மொத்தமும் சரியும். சிலவற்றில் கீழ்க்கால்களை மடித்தால் தாழ்வு, விரித்தால் உயரம் என்று இரண்டு நிலை உண்டு. துருவால் இறுகிப்போய் ஒரே உயரம்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் 12-இல் சொன்ன மேற்பலகையையே பெட்டி மாதிரி உயர்த்திச் செய்யுங்கள். இழைக்க மணிக்கட்டு உயரம், கோடு போடவும் நுணுக்கமான வேலைக்கும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொண்டால் முதுகு தப்பும்.

15. ஒரு ஓரத்துல சின்னக் கட்டையைப் பிடிச்சா மறுபக்கம் மூடிக்குது, கட்டை நழுவுது. கைப்பிடி ரெண்டையும் சமமாத்தானே சுத்துறேன்?

சமமாகச் சுற்றினாலும் பொருள் ஒரு பக்கம்தானே இருக்கிறது, மறுபக்கம் தாங்க ஒன்றுமில்லை. அதே கனத்தில் ஒரு கழிவுத் துண்டை மறு ஓரத்தில் வைத்து இறுக்குங்கள். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த நாற்காலிக் காலைப் பிடிக்க வேண்டுமானால் கைப்பிடிகளை வேண்டுமென்றே வேறு வேறு அளவில் சுற்றலாம். 4-இல் சொன்ன திரும்பும் நட்டு இருப்பதே இதற்காகத்தான். வேலை முடிந்ததும் இரண்டையும் முழுதாக மூடிச் சமப்படுத்திவிடுங்கள்.

16. இது மேல கட்டிங் மெஷின் பூட்டலாமா? வெல்டிங் வைக்கலாமா?

சின்ன மைட்டர் ரம்பத்தை (கட்டையைக் கோணத்தில் அறுக்கும் மின் ரம்பம்) 12-இல் சொன்ன மேற்பலகையில் போல்ட் போட்டுப் பூட்டினால் போகலாம், பெஞ்சில் எழுதியிருக்கும் தாங்கு எடைக்குள் இருந்தால். நீளமான கட்டையை அறுக்கும்போது மறுமுனைக்குத் தனியாக முட்டுக் கொடுங்கள். கையால் பிடிக்கும் கிரைண்டரைத் தலைகீழாகக் கவ்வி மேசை ரம்பமாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். அதைச் செய்து விரலை இழந்தவரை எனக்குத் தெரியும்.

வெல்டிங் வேண்டாம். எண்ணெய் ஊறிய மரமும் தீப்பொறியும் சேரக் கூடாது.

17. ஏறி நின்னு ஃபேன் மாட்டலாமா தம்பி? நல்லா கனமாத்தானே இருக்கு.

மூட்டுகளைச் சரி செய்த பெஞ்சே என்றாலும் நான் ஏறமாட்டேன், மாமி. பக்கவாட்டில் மடங்காமல் தடுப்பது ஒரு சின்னக் கொக்கிதான். ஃபேனை இறுக்கும்போது உடம்பு திரும்பும் அந்த நேரத்தில்தான் அது விடும். ஏணியை நான் கொண்டு வருகிறேன்.

18. எங்களுது அலுமினியச் சட்டம். ஒரு மூலையில விரிசல் விட்டிருக்கு, வெல்டிங் பட்டறையில முடியாதுங்கிறாங்க.

சாதாரண ராடு வெல்டிங்கில் வார்ப்பு அலுமினியம் ஒட்டாது. ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் போக வேண்டும், அப்போதும் பழைய வார்ப்பு பக்கத்தில் மறுபடி கீறக்கூடும். விரிசலின் இரண்டு நுனியிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து, விரிசலைத் தாண்டி போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் எவர்சில்வர் என்றால் அடியில் நைலான் வாஷரும் கொஞ்சம் கிரீஸும் வையுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் எவர்சில்வரும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும்.

பூட்டிய பிறகு ஒரு மாதம் கழித்து விரிசலின் நுனியைப் பாருங்கள். நுனி ஓட்டையைத் தாண்டியிருந்தால் அந்தச் சட்டத்தை இனி நம்ப வேண்டாம். தண்டு, நட்டு, கைப்பிடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதே மாதிரி இன்னொரு பெஞ்ச் எங்காவது பரணிலிருந்து இறங்கும்போது அவை தேவைப்படும்.